"உங்க வரத்தை கண்டுபிடிங்க" கோர்ஸ் முழுசா முடிச்சாச்சு, எது தேறுது எது தேறல

சபைகள்ல இப்ப நிறைய நடக்குதே, "உங்க வரத்தை கண்டுபிடிங்க"ன்னு ஒரு கோர்ஸ், கையில ஒரு ஒர்க்புக் குடுப்பாங்க, பெருசா ஒரு கேள்வித்தாள், அப்புறம் சில வாரம் குரூப்பா உக்காந்து பேசுறது, கடைசியில நீங்க எந்த ஊழியத்துல சேரலாம்னு ஒரு ஆலோசனை. வரம்னா இங்க தேவன் விசுவாசிகளுக்கு ஊழியம் செய்றதுக்கு குடுக்கிற திறமை, கிருபை. இந்த கோர்ஸை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் முடிச்சிருக்கேன். எடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க நிறைய பேர் கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். எந்த பதிப்பு, யார் போட்டதுன்னு பேர் சொல்லல, ஏன்னா பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சுதான், அட்டை மாறும், பேர் மாறும், உள்ள இருக்கிற சங்கதி கிட்டத்தட்ட ஒண்ணு.

முதல்லயே சொல்லிடுறேன். எல்லாரும் எதுக்காக இதுல சேர்றாங்களோ அந்த கேள்வித்தாள்தான் இருக்கிறதுலயே சுமாரான பகுதி. யாருமே பெருசா எதிர்பார்க்காத குரூப் செஷன்தான் இந்த கோர்ஸோட உயிர்.

கேள்வித்தாளை பத்தி. இது ஒண்ணும் ஆதி சபை காலத்து பழக்கம் இல்ல, 1970கள்ல அமெரிக்காவுல ரிச்சர்ட் ஹவுட்ஸ்னு ஒருத்தர் போட்ட கேள்வித்தாளை சபை வளர்ச்சி பத்தி போதிச்ச பீட்டர் வாக்னர் எடுத்து மாத்தி அமைச்சு பரவலாக்குனாரு, அதுக்கப்புறம் வந்ததுல பலதும் அந்த மாதிரிதான். வரிசையா வாக்கியங்கள் இருக்கும், ஒவ்வொண்ணும் உங்களுக்கு எவ்ளோ பொருந்துதுன்னு மார்க் போடணும், கடைசியில கூட்டி பாத்தா எந்த வரத்துக்கு ஸ்கோர் அதிகமோ அதுதான் உங்க வரம்னு வரும். போடுறதுக்கு ஆர்வமா இருக்கும், அதை மறுக்கல. ஆனா கொஞ்ச தூரம் போனதுமே ஒரு சிக்கல் தெரியும். "நான் வேதத்தை விளக்கிச் சொன்னா மத்தவங்களுக்கு நல்லா புரியுது"ன்னு ஒரு வாக்கியம் இருந்துச்சு, புரிஞ்சுதா இல்லையான்னு கேட்டவங்கதானே சொல்லணும், நான் எப்படி மார்க் போடுறது? "கஷ்டப்படுறவங்களை பாத்தா என் மனசு இளகும்"னு இன்னொண்ணு. இதுக்கு எந்த விசுவாசி பூஜ்யம் போடுவாங்க?

இதுல இன்னொரு விஷயம் என்னன்னா, கூச்ச சுபாவம் உள்ளவங்க எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு போட்டுட்டு போயிடுறாங்க, ஏற்கனவே மேடையில நிக்கிறவங்களுக்கு தைரியமா மூணு வருது, அப்ப இந்த டெஸ்ட் உங்களுக்கு என்ன வரம் இருக்குன்னு சொல்லல, இதுவரைக்கும் உங்களுக்கு எதுல வாய்ப்பு கிடைச்சுதுன்னுதான் சொல்லுது. புதுசா ஆண்டவரை ஏத்துக்கிட்டு வந்த ஒரு பிள்ளைக்கு இது சுத்தமா வேலைக்கு ஆகாது, அவங்க இன்னும் ஒண்ணுமே செஞ்சு பாக்கல, எதை வச்சு பதில் சொல்லுவாங்க. பவுல் ரோமர் 12ல வரங்களை வரிசையா சொல்றதுக்கு முன்னாடியே, 3ம் வசனத்துல, யாரும் தன்னை பத்தி எண்ண வேண்டியதுக்கு மிஞ்சி எண்ணாம தெளிஞ்ச புத்தியோட எண்ணணும்னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறாரு. கேள்வித்தாளோட முதல் பக்கத்துல அந்த வசனத்தை போட்டிருக்கணும், போடல.

ஸ்கோர் வந்த அப்புறம் நடக்குறது இன்னும் கவலையா இருக்கு. "எனக்கு போதிக்கிற வரம்தான் வந்திருக்கு, உதவி செய்ற வரம் கம்மி"ன்னு சொல்லிட்டு கூட்டம் முடிஞ்சதும் சேர் அடுக்காம கிளம்புறவங்களை பாத்தேன். இரக்கம் காட்டுறதுக்கும் கொடுக்கிறதுக்கும் உங்ககிட்ட ஸ்கோர் இருக்கான்னு ஆண்டவர் கேக்கவே இல்லையே, அது எல்லா விசுவாசிக்கும் உள்ள கட்டளை, சிலருக்கு அதுல விசேஷ கிருபை இருக்கு, அவ்வளவுதான். இதை கோர்ஸ் நடத்துறவங்க தெளிவா ரெண்டு தடவையாவது சொல்லணும், எங்களுக்கு நடத்துனவர் சொன்னாரு, ஆனா ஸ்கோர் ஷீட் குடுத்த அப்புறம் சொன்னாரு, அதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க சார்ட்டை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒர்க்புக்ல இருக்கிற வேதபாடம் பகுதி நிஜமாவே நல்லா இருக்கு. வர லிஸ்ட்டை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டியிருக்காங்க, ரோமர் 12ல 7, 1 கொரிந்தியர் 12:8-10ல 9, அதே அதிகாரம் 28ல வேற மாதிரி, எபேசியர் 4:11ல வேற. எந்த லிஸ்ட்டும் இன்னொண்ணு மாதிரி இல்ல, அதனால இதுல எதுவுமே முழு லிஸ்ட்டா இருக்க முடியாதுன்னு அவங்களே சொல்றாங்க. பேதுரு இன்னும் சுருக்கம், 1 பேதுரு 4:11ல பேசுறவங்க, உதவி செய்றவங்கன்னு ரெண்டே ரெண்டுதான். இவ்ளோ தெளிவா எழுதிட்டு பின்னாடி பக்கத்துல இத்தனை வரம்தான்னு கணக்கு போட்டு கேள்வித்தாள் வச்சிருக்கிறதுதான் எனக்கு ஒத்துப்போகல.

தாலந்து உவமை பாடம்தான் ஒர்க்புக்லயே சிறப்பு, மத்தேயு 25. வெளியூர் போற எஜமான் மூணு வேலைக்காரங்ககிட்ட அஞ்சு, ரெண்டு, ஒண்ணுன்னு தாலந்து குடுத்துட்டு போறாரு, முதல் ரெண்டு பேர் அதை ரெட்டிப்பாக்குறாங்க, மூணாவது ஆள் மண்ணுல புதைச்சு வைக்கிறான். ஒரு தாலந்துன்னா சுமார் 6000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அப்ப ஒரே ஒரு தாலந்து வாங்குனவன் கையில கிட்டத்தட்ட 20 வருஷ கூலி இருந்திருக்கு! நாம அவனை ஏதோ கொஞ்சமா கிடைச்ச பாவப்பட்டவனாவே நினைச்சு வச்சிருக்கோம். அஞ்சு வாங்குனவனுக்கும் ரெண்டு வாங்குனவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு, 21ம் வசனமும் 23ம் வசனமும், வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு, ஒருத்தன் அஞ்சு சம்பாதிச்சான் ஒருத்தன் ரெண்டு சம்பாதிச்சான்ங்கிறதுல அவருக்கு வித்தியாசமே இல்ல. புதைச்சவன் ஏன் புதைச்சான்? சோம்பேறின்னு எஜமான் சொல்றாரு, உண்மைதான், ஆனா அவன் தன் வாயால சொன்ன காரணம் பயம். நீர் கடினமான மனுஷன்னு அறிவேன், பயந்து போய் நிலத்துல புதைச்சு வச்சேன்ங்கிறான். எஜமானை பத்தி அவன் மனசுல வச்சிருந்த படம்தான் அவன் கையை கட்டிப்போட்டுச்சு. ஒர்க்புக்ல இந்த இடத்துல ஒரே ஒரு கேள்வி போட்டு கீழ முழு பக்கமும் காலியா விட்டிருக்காங்க: "நீங்க எதையாவது செய்யாம இருக்கிறதுக்கு தேவனை பத்தின எந்த எண்ணம் காரணம்?" அந்த பக்கத்தை நிரப்புறதுக்கு எனக்கு அந்த கேள்வித்தாள் முழுசையும் விட அதிக நேரம் ஆச்சு.

இப்ப குரூப் செஷனுக்கு வர்றேன், இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுத உக்காந்தேன்.

முறை ரொம்ப சிம்பிள். எல்லாரும் வட்டமா உக்காரணும், ஒவ்வொருத்தரா நடு சேருக்கு வரணும், அவங்க பேசக்கூடாது, மத்தவங்கதான் பேசணும். ஆனா "நல்லவங்க, ஜெபிக்கிறவங்க, தாழ்மையானவங்க"ன்னு பொதுவா சொல்லக்கூடாது, இவங்க எனக்கு செஞ்ச ஒரு காரியம், எப்ப, என்ன, அதுனால எனக்கு என்ன ஆச்சுன்னு நடந்ததை சொல்லணும். அவ்ளோதான்.

எங்க குரூப்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க ஸ்கோர் ஷீட்ல எந்த வரமும் எந்திரிச்சு நிக்கல, எல்லாம் ஒரே மட்டத்துல கீழயே கிடந்துச்சு, அதை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுட்டாங்க. அவங்க முறை வந்தப்போ முதல்ல யாரும் பேசல. அப்புறம் ஒரு தம்பி ஆரம்பிச்சாரு, "நான் முதல் முறை சபைக்கு வந்தப்போ யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு கடைசி வரிசையில உக்காந்தேன், நீங்க பக்கத்துல வந்து உக்காந்து பாட்டு நம்பரை எடுத்து குடுத்தீங்க, ஒண்ணுமே கேக்கல, அடுத்த வாரம் என் பேரை சொல்லி கூப்ட்டீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னாரு. உடனே இன்னொரு அம்மா, "என் வீட்டுக்காரர் தவறுன அப்புறம் முதல் மாசம் எல்லாரும் வந்தாங்க, அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல, நீ மட்டும் சாயங்காலம் ஃபோன் பண்ணி பண்ணி பேசுனியேம்மா"ன்னாங்க. அப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்லிக்கிட்டே போனாங்க, நிறுத்த முடியல. அந்த அக்கா கடைசியில சொன்னது ஒண்ணே ஒண்ணு, "இது எல்லாரும் செய்றதுதானே?"

எல்லாரும் செய்றது இல்லீங்க. இந்த ஒரு விஷயம்தான் எனக்கு இந்த கோர்ஸ்ல கிடைச்ச பெரிய லாபம். தேவன் நமக்கு எதை குடுத்திருக்காரோ அது நமக்கு சிரமமில்லாம வருது, சிரமமில்லாம வர்றதை நாம கணக்குலயே சேக்குறதில்ல, அதனால நம்மளை நம்மகிட்டயே கேட்டா பதில் வராது. நம்மால பிரயோஜனம் அடைஞ்சவங்ககிட்ட கேக்கணும். வேதத்துலயும் இப்படித்தான் இருக்கு, யோசேப்புங்கிற லேவியனுக்கு பர்னபான்னு (ஆறுதலின் மகன்னு அர்த்தம்) பேர் வச்சது அவர் இல்ல, அப்போஸ்தலர்கள் (அப்போஸ்தலர் 4:36). அவர்கிட்ட இருந்ததை சுத்தி இருந்தவங்க பாத்துட்டாங்க. முன்னாடி சபையை துன்பப்படுத்துன சவுலை (பின்னாடி பவுல்னு ஆனவர்) எல்லாரும் பாத்து பயந்து ஒதுங்குனப்போ கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு போனவர் அவர்தான், பிற்பாடு தர்சு வரைக்கும் தேடிப்போய் அந்தியோகியாவுக்கு கூட்டிட்டு வந்தவரும் அவர்தான். எந்த கேள்வித்தாள்ல "மத்தவங்க நம்பாத ஆளை நான் நம்புவேன்"னு ஒரு வரி இருக்கு? இருந்தா நல்லா இருக்கும்.

குரூப்ல ஒருத்தர் சவுண்ட் பாக்குறவரு. மைக், ஒயர், மிக்ஸர் எல்லாம் அவர் கைதான், ஆராதனை நடக்கும்போது அவர் பின்னாடி நின்னுக்கிட்டே இருப்பாரு. "இதுல என் வேலைக்கு கட்டமே இல்லையே"ன்னு கேட்டாரு, உதவி ஊழியம்ங்கிற கட்டத்துல போட்டுக்கோங்கன்னு லீடர் சொல்லிட்டாரு. எனக்கு அது பத்தல. யாத்திராகமம் 31ல ஆசரிப்பு கூடாரத்தை செஞ்ச கைவினைஞர் பெசலெயேலை தேவ ஆவியால நிரப்புனேன்னு கர்த்தர் சொல்றாரு, எதுக்கு? பொன்னுலயும் வெள்ளியிலயும் வெண்கலத்துலயும் வேலை செய்ய, ரத்தினம் வெட்டி பதிக்க, மரத்துல சித்திரவேலை செய்ய. 35ம் அதிகாரத்துல கையால நூல் நூத்து கொண்டு வந்த பெண்களையும் மறக்காம எழுதியிருக்கு. 34ம் வசனம் இன்னும் விசேஷம், அந்த தொழிலை மத்தவங்களுக்கு கத்துக்குடுக்கிற மனசையும் பெசலெயேலுக்கும் அவர் கூட வேலை செஞ்ச அகோலியாபுக்கும் கர்த்தரே குடுத்தாராம். ஒயரை சுத்தி வைக்க தெரிஞ்ச அண்ணன் ரெண்டு வாலிபர்களுக்கு அதை சொல்லிக்குடுத்தா அது எவ்ளோ பெரிய காரியம். கைத்தொழில், கணக்கு, எழுத்து, டிசைன் இதெல்லாம் இந்த கோர்ஸ்ல ஒரு பாராவோட முடிஞ்சு போச்சு, அடுத்த பதிப்புல ஒரு முழு பாடமா வைக்கணும்.

அடுத்தது பழகிப் பாக்குற காலம். ஏதாவது ஒரு ஊழியத்துல அனுபவம் உள்ளவங்க கூட சேர்ந்து கொஞ்ச நாள் செஞ்சு பாக்கணும், பொருந்தலைன்னா மனசு கஷ்டம் இல்லாம மாத்திக்கலாம். அருமையான ஏற்பாடு, ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒரு தடவை சேந்தா வெளிய வர முடியாதுன்னு பயந்தே சேர்றதில்ல. வரம்னா பயிற்சி வேண்டாம், அபிஷேகம் போதும்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அதையும் இந்த பகுதி உடைக்குது. தாவீது ஏற்படுத்துன பாடகர்கள் 288 பேரும் கத்துக்கிட்டு தேர்ந்தவங்கன்னு 1 நாளாகமம் 25:7ல இருக்கு. அப்பொல்லோ பேச்சுல வல்லவர், வேதாகமங்கள்ல தேறுனவர், அவரையே ஆக்கில்லா, பிரிஸ்கில்லாங்கிற தம்பதி சேர்த்துக்கிட்டு போய் இன்னும் திட்டமா விளக்குனாங்க, எல்லார் முன்னாடியும் திருத்தல. பவுல் தீமோத்தேயுவுக்கு உன்கிட்ட இருக்கிற வரத்தை பத்தி அசதியா இருக்காதேன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே நீ தேறுறது எல்லாருக்கும் விளங்கணும்ங்கிறாரு, அப்ப தேற வேண்டியது இருக்குன்னுதானே அர்த்தம். நான் சிறுவர் ஊழியத்துல ஒரு மூத்த டீச்சர் கூட நின்னேன், கதை சொல்லும்போது அவங்க பிள்ளைங்க உயரத்துக்கு தரையில உக்காந்துடுவாங்க, பதில் தெரியாம முழிக்கிற பிள்ளைகிட்ட அவசரப்படுத்தாம காத்திருப்பாங்க, அந்த காத்திருக்கிறதை புஸ்தகத்துல படிச்சு கத்துக்க முடியாது.

குறைன்னு சொன்னா இந்த பகுதியிலதான் பெரிய குறையும் இருக்கு. குடுத்த லிஸ்ட்ல இருந்ததெல்லாம் சபை கட்டிடத்துக்குள்ள நடக்கிறது மட்டும், வரவேற்பு, பாடல், சிறுவர், ஜெபக்குழு, மீடியா. மிச்ச ஆறு நாளும் நம்ம ஜனங்க ஆபீஸ்லயும் ஆஸ்பத்திரியிலயும் ஸ்கூல்லயும் வீட்லயும் இருக்காங்களே, அங்க செய்றதுக்கு கட்டம் எங்க? தொற்காள் யோப்பாவுல விதவைகளுக்கு துணி தச்சு குடுத்தாங்க, அவங்க இறந்தப்போ அந்த விதவைகள் அழுதுகிட்டே பேதுருகிட்ட காட்டுனது அந்த அங்கிகளைத்தான். லூக்கா வைத்தியர். யோசேப்பு எகிப்துல தானியம் சேர்த்து வச்சு ஏழு வருஷ பஞ்சத்துல ஜனங்களை காப்பாத்துனாரு, அது நிர்வாக வரம் இல்லாம வேறென்ன? வேலை இடத்துல நேர்மையா கணக்கு எழுதுற ஒருத்தர் இந்த கோர்ஸ் முடிச்சுட்டு "நான் சபையில ஒண்ணும் செய்யல"ங்கிற குற்ற உணர்வோட வீட்டுக்கு போனா அது கோர்ஸோட தப்பு.

ஓய்வு பத்தியும் ஒரு வரி இல்ல. திறமை உள்ளவங்க மேலயே எல்லாத்தையும் ஏத்துறது சபைகள்ல சகஜமா நடக்குது, கோர்ஸ் முடிஞ்சதும் மூணு ஊழியத்துல பேர் குடுத்தவங்க எங்க குரூப்லயும் உண்டு. மோசே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நியாயம் விசாரிச்சப்போ அவரோட மாமனார் எத்திரோ வந்து நீர் செய்றது நல்லது இல்ல, தொய்ந்து போவீர்னு சொல்லி 1000 பேருக்கு, 100 பேருக்கு, 50 பேருக்கு, 10 பேருக்குன்னு ஆட்களை வைக்கச் சொன்னாரு. அப்போஸ்தலர் 6ல பந்தி விசாரணைக்கு, அதாவது சாப்பாடு பங்கிடுறதை கவனிக்க, 7 பேரை வச்சாங்க, அப்போஸ்தலர்கள் ஜெபத்துலயும் வசனத்துலயும் நின்னாங்க. "இது என் வேலை இல்ல, இதுக்கு வேற ஆள் இருக்காங்க"ன்னு அன்பா சொல்றதும் வரத்தை ஒழுங்கா பயன்படுத்துறதுல ஒரு பங்குதான்னு யாராவது சொல்லியிருக்கணும்.

அதே மாதிரி உடம்பு முடியாதவங்க, வயசானவங்க. கேள்வித்தாள்ல பாதி வாக்கியம் நடமாட முடிஞ்சவங்களுக்குத்தான். எங்க குரூப்ல ஒரு பாட்டி கண்ணு சரியா தெரியாம பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட படிக்கச் சொல்லி கேட்டுட்டு, "இதெல்லாம் எனக்கு வயசு இருந்தப்போ"ன்னு சொல்லி பேப்பரை திருப்பி குடுத்துட்டாங்க. லூக்கா 2ல அன்னாள் தீர்க்கதரிசி 84 வயசு விதவை, உபவாசத்தோடயும் ஜெபத்தோடயும் தேவாலயத்தை விட்டு நீங்காம இருந்தவங்க, குழந்தை இயேசுவை பத்தி மீட்புக்கு காத்திருந்த எல்லார்கிட்டயும் பேசுனவங்க. பாட்டிமாருக்கு தனியா ஒரு பக்கம் போடுறதுக்கு என்ன கஷ்டம்?

கடைசி பாடம் 1 கொரிந்தியர் 13. வரங்களை பத்தி பேசுற 12க்கும் 14க்கும் நடுவுல பவுல் அன்பை கொண்டு வந்து வச்சிருக்காரு, அதை கல்யாணத்துல மட்டும் வாசிக்கிற அதிகாரமா ஆக்கிட்டோம். பாடம் சின்னதுதான், ஆனா யாருடைய வரத்தை பாத்து உங்களுக்கு பொறாமை வருது, அவங்களுக்காக இந்த வாரம் பேர் சொல்லி ஜெபிங்கன்னு ஒரு வேலை குடுத்தாங்க. செஞ்சேன். அது உள்ள எங்கயோ போய் வேலை செய்யுது.

யாருக்கு இது சரிப்படும்னா, சபையில சில வருஷமா இருந்தும் எதுலயும் சேராம ஓரமா நிக்கிறவங்களுக்கு கண்டிப்பா. ரொம்ப புதுசா வந்தவங்க கொஞ்சம் பொறுத்து எடுங்க, முதல்ல நாலு பேர் கூட பழகி நாலு வேலையில கை குடுங்க. ஏற்கனவே பல ஊழியத்துல ஓடிக்கிட்டு இருக்கிறவங்க எதை விடணும்னு தெரிஞ்சுக்க எடுக்கலாம், ஆனா அதுக்கு லீடர் விவரமானவரா இருக்கணும்.

சேர்றதுக்கு முன்னாடி நடத்துறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. குரூப் செஷன் உண்டா, அதுல உங்களை நிஜமா தெரிஞ்சவங்க இருப்பாங்களா? கோர்ஸ் முடிஞ்ச அப்புறம் கூட நின்னு சொல்லிக்குடுக்க ஆள் உண்டா? ரெண்டுக்கும் இல்லைன்னா வெறும் கேள்வித்தாள்தான் மிச்சம், அதுக்கு இத்தனை வாரம் வேண்டாம், ஆன்லைன்லயே இலவசமா கிடைக்குது. அப்படி தனியா போடுறவங்க ஸ்கோரை யார்கிட்டயும் காட்டாம ஓரமா வச்சுட்டு, உங்க கூட பல நாள் பழகுன மூணு பேரை தனித்தனியா கூப்பிட்டு "என்னால உங்களுக்கு எப்பவாவது உதவி ஆயிருக்கா, என்ன நடந்துச்சு"ன்னு கேளுங்க, வீட்ல உள்ளவங்க ஒருத்தர், சபையில ஒருத்தர், வேலை இடத்துல ஒருத்தர். கேக்க கூச்சமாத்தான் இருக்கும். அவங்க சொல்றதை மறுக்காம, நடுவுல பேசாம, அப்படியே எழுதி வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் ஸ்கோர் ஷீட்டை எடுத்து பக்கத்துல வச்சு பாருங்க.